மஞ்சள் விளக்கில் மெரூன் சட்டை

அந்தச் சட்டையை நான் வாங்கும்போது அது மெரூன் நிறத்தில்தான் இருந்தது. இதை எந்த மாதா கோயிலில் வேண்டுமானாலும் முழங்கால் போட்டுச் சத்தியம் செய்வேன். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேரல் பாடப் போகும் எங்கள் இளைஞர் குழுவில் எல்லோரும் மெரூன் சட்டை போட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. உலு திராமில் இரவில் கூடும் பாசார் மாலாம் சந்தையில், தெரு விளக்குக் கம்பத்துக்கு நேர்கீழே இருந்த கடையில், பொறுமையாக இருபுறமும் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். மறுநாள் சாயங்காலம் சர்ச் மண்டபத்து வெள்ளைக் குழல் விளக்கின் கீழ் போய் நின்றபோது அது பளீரென்ற கத்தரிப்பூ நிறமாக மாறியிருந்தது. தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பாதர் பூசைக்குப் போடுவாரே, அதே நிறம்.

"அலமாக், பாதருக்கு அசிஸ்டன்ட் வந்துட்டாரு லா" என்றார் கிட்டார் வாசிப்பவர். மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. இது திருவருகைக் காலம், சரியான நிறத்தில் வந்திருப்பவன் நான் மட்டும்தான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

அந்தக் கிட்டார்க்காரர் அப்போது எனக்கு யாருமில்லை. பிறகு என் மனைவியின் அக்காவைக் கட்டிக்கொண்டு சகலை ஆனார். சிவந்த மேனி, கன்னத்தில் குழி, நெற்றியில் தானாகவே சரியான இடத்தில் வந்து விழும் முடி. சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்பே பாலம் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர், ஆனால் ஒருநாளும் களைத்துப்போனவராகத் தெரிந்ததில்லை. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெக்கான் நானாஸிலேயே வேலை பார்த்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிடுவேன். அவர் நல்லவர் வேறு. பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. திட்டுவதற்குக்கூட ஒரு பிடி கொடுக்கமாட்டார்.

என்னை அவருக்குச் சமமாக்கிய ஒரே பொருள் சோடியம் தெரு விளக்கு. அதன் அருமை அழகானவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் எரியத் தொடங்கும்போது வெட்கப்பட்டதுபோல முதலில் இளஞ்சிவப்பாக இருக்கும். மெல்ல மெல்லச் சூடேறி ஆரஞ்சுச் சாற்றைத் தெருவில் ஊற்றிவிடும். அந்தச் சாற்றில் சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ எல்லாம் ஏதோ ஒரு காப்பி நிறமாகிவிடும். சிவந்தவர், கறுத்தவர், பரு வந்து போனவர், வராமலே தப்பித்தவர் எல்லோரும் ஒரே பாகில் முக்கி எடுத்த பலகாரங்கள்தாம்.

அன்றைக்குக் கேரல் பாடப் போன கடைசி வீட்டில் இரண்டு பெண்கள். எல்லோரும் உள்ளே போனார்கள். உள்ளே வெள்ளை விளக்கு. நான் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லி வாசலில், விளக்குக் கம்பத்தின் கீழ், மெரூன் சட்டைக்காரனாகவே நின்றுகொண்டேன். இளைய பெண் எனக்கு மட்டும் ஒரு கிளாஸ் சிராப் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரோஜா நிறமான அந்தச் சர்பத் மஞ்சள் வெளிச்சத்தில் பால் விடாத தேநீர் போல இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். ஐஸ் போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அவள் சிரித்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டேன். அந்த விளக்கு செய்துவைத்த கல்யாணம் அது என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். விளக்கு மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால் அவள் கிளாஸோடு உள்ளே திரும்பியிருப்பாள் என்ற பயமும் கூடவே இருந்தது.

மாமனாருக்குப் பிறகு அந்த வீட்டில் சகலை குடும்பம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் அங்கே போவோம். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு அந்தக் கம்பத்தின் கீழ் உட்காருவோம். பகலெல்லாம் என் மனைவி அத்தான் புராணம் பாடுவாள். அத்தான் எவ்வளவு நேர்த்தியாக உடுத்துகிறார், அத்தானுக்கு எந்தச் சட்டையும் எப்படிப் பொருந்துகிறது. விளக்கு எரிந்ததும் எனக்கு மூச்சு வரும். புகைமூட்டக் காலத்தில் ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோதும் அது சளைக்காமல் மஞ்சளாக நின்றது. மழையில் ஒவ்வொரு துளியையும் பொன்னாக்கிக் காட்டியது. வயதாகிவிட்ட பிறகு தானாக அணைந்து, சற்று இளைப்பாறி, மறுபடியும் எரிந்தது. அது அணையும்போதெல்லாம் மறுபடி எரிகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் லாரியில் வந்து அதைக் கழற்றிவிட்டு, தட்டையான ஓர் எல்இடி விளக்கை மாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு அதன் கீழே உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. சகலையின் முடி. கறுப்பு என்று நான் வயிறெரிந்துகொண்டிருந்த அந்த முடி வெறும் சாயம். வேரெல்லாம் வெள்ளை, நுனியெல்லாம் துருப்பிடித்த தகரக் கூரை. என் மனைவியை முழங்கையால் இடித்தேன். அவளும் பார்த்தாள். அன்றிரவு எனக்கு அருமையான தூக்கம்.

மறு ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்தபோது சாயத்தையெல்லாம் வெட்டி எறிந்திருந்தார். தலை முழுக்க வெள்ளி. "லைட்டு காட்டிக் கொடுத்திருச்சு சகலை, இனிமே எதுக்கு நடிக்கணும்?" என்று குழி விழச் சிரித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி இருந்தார். என் மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இப்பதான் அத்தான் மொகத்துக்கே எடுப்பா இருக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேவிட்டேன். அன்றைக்கு அந்த மஞ்சள் விளக்கில் பார்த்து ஏமாந்துதானே என்னைக் கட்டிக்கொண்டாய் என்று. வேடிக்கையாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

அவள் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள். "வெளக்குல யாரு பாத்தா? சர்ச் ஹால்ல குடில் கட்டிக்கிட்டு நின்னேன்ல. அத்தன பேரும் மெரூன்ல நிக்கிறாங்க, நீங்க மட்டும் கத்தரிக்கா மாதிரி நின்னுக்கிட்டு எல்லாரையும்விட சத்தமா சிரிக்கிறீங்க. சிராப்பு வேற யாருக்காக வெளிய எடுத்துட்டு வந்தேன்? செருப்புக்கா?"

பச்சை விளக்கு விழுந்தும் நான் வண்டியை எடுக்க மறந்ததில் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் திருந்திய மனிதனாகச் சாகலாம். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் அலமாரியின் அடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து வந்தாள். இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தாளாம். சகலை வீட்டு வாசலில், அந்த வெள்ளை விளக்கின் கீழ், எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மேல் பொத்தான் மாட்டியது. மற்றதையெல்லாம் என் வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. "குடுங்க சகலை, பாப்போம்" என்று அவர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. வெள்ளித் தலையும் கத்தரிப்பூ நிறமுமாக, பிஷப்புக்கே ஆசீர் கொடுப்பவர் போல நின்றார். பெண்கள் இரண்டு பேரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். என் மனைவி என்னை விட்டுச் சற்று நகர்ந்து, நல்ல கோணம் தேடினாள்.

நான் தலையைத் தூக்கி அந்தத் தட்டை விளக்கைப் பார்த்தேன். பழைய விளக்கு இருந்திருந்தால் அது வெறும் மெரூன் சட்டைதான்.