மாப்பிள்ளையை மாற்றிய அக்கா

என் அக்கா முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "ஆடாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று அவள் அதட்டினால் போலீஸ்காரரே மூச்சு விட யோசிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே அதட்டலை ஏரிக்கரையில் நீர்நாய்களிடம் காட்டுவாள். அவை மதித்ததே இல்லை.

கேமராவில் மாட்ட ஒரு ராட்சச லென்ஸ் வைத்திருந்தாள். கேமராவோடு ஆறு கிலோ. ஒரு கம்பை ஊன்றி, அதன் மேல் வைத்து, நின்றுகொண்டே தம் கட்டித் திருப்ப வேண்டும். நான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். அக்கா கார் ஓட்ட, முன் சீட் மாப்பிள்ளைக்கு, பின் சீட் தம்பிக்கு. துண்டு போர்த்தி அதை இறக்கி ஏற்றியதெல்லாம் நான்தான். இருபது வருடத்தில் ஒரு வார்த்தை நன்றி? மூச்!

அறுபத்து நான்காவது வயதில் அவளுடைய வலது தோள் மக்கர் பண்ணியது. ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, டாக்டருக்கு முன்னால் அவளே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"தசைநார் கிழிஞ்சிருக்கு. இனிமே மாப்பிள்ளைய தூக்க முடியாது. போதும்டா, எல்லாத்தையும் வித்துடு."

ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஏங்கியவன் நான். ஆனால் அந்த ஞாயிறுகளில் அவள் இஸ்திரி போட்ட துணிக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் பார்த்தேன். எதையும் விற்கவில்லை; மாப்பிள்ளையையும் கேமராவையும் எடுத்துக்கொண்டேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேமரா கடைக்குக் கூட்டிப் போனேன்.

"பேரப்பிள்ளைங்கள எடுக்கவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"நீர்நாய எடுக்க."

மனிதர் ஒரு சின்ன லென்ஸை எடுத்து வைத்தார். நேர்மையானவர். "இதுல வெளிச்சம் கம்மியாத்தான்மா உள்ள வரும். விடியக்காலைல எடுத்தா படம் மணல் தூவின மாதிரி இருக்கும்" என்றார்.

தொலைந்தது என்று நினைத்தேன். ஒரு புள்ளி கலங்கினாலே படத்தை அழித்துவிடுகிறவள். அவளோ கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

"தம்பி, சின்னக் குழந்தைங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிரை ரொம்பக் கம்மியா வைப்போம். படம் மணல் மணலாத்தான் வரும். எலும்பு உடைஞ்சிருக்கான்னு தெரிஞ்சா போதாதா?"

சின்ன லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கண்ணருகே தூக்கி, ஒரு முழு நிமிடம் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வலியில் சுளிக்கவில்லை. மாப்பிள்ளையைக் கடையிலேயே கொடுத்து மாற்றிக்கொண்டோம். கிளம்பும்போது அதன் கண்ணாடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு எடுத்தது நாற்பது படம். நாற்பதிலும் வானம். ஆறு கிலோவை நெம்பித் தூக்கிப் பழகிய கை, இந்த இலேசான சாமானையும் அதே வேகத்தில் தூக்கியது. லென்ஸ் நீர்நாயைத் தாண்டி மேகத்துக்குப் போய்விட்டது.

"பொம்மைடா இது! நாளைக்கே திருப்பிக் குடுத்துடலாம். எனக்கு இனிமே எதுவும் வேண்டாம்" என்றாள்.

எனக்கும் கோபம் வந்தது. "அம்மிக்கல்ல தூக்குற மாதிரி தூக்கினா? டீ கிளாஸ் எடுக்கிற மாதிரி எடு அக்கா!"

"எனக்கே சொல்லித்தர்றியா நீ?"

முறைத்துக்கொண்டே போய்க் கரையில் நின்றாள். ஊன்றக் கம்பு இல்லை; வெறும் கை. என்ன தோன்றியதோ, மெல்ல முட்டி போட்டாள். பிறகு, அறுபத்து நாலு வயதுக்காரி, ஈர மண்ணில் குப்புறப் படுத்துவிட்டாள். கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்தாள்.

கோரைக்குள்ளிருந்து தாய் நீர்நாய் வந்தது. பின்னால் மூன்று குட்டிகள். அக்கா சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"இத்தன வருஷமா இதுங்கள மேல நின்னே பார்த்திருக்கேன்டா. மூஞ்சிக்கு நேரா இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

எழ உதவிக்குக் கை நீட்டினேன். அவள் இடது கையால் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"நிக்காத, ஓடிடும். நீயும் படு."

புதுச் சட்டையோடு சேற்றில் படுத்தேன். இருபது வருடமாக லென்ஸ் விழுந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், நீர்நாயை அன்றுதான் பார்த்தேன்.