நான்கு விரல் தாழ்ந்த இருக்கை

எங்கள் கார் ஷோரூமில் அவரை எல்லோரும் ‘மெதுவா அக்கா’ என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், இப்படிப்பட்டவர்களை வீட்டிலிருந்து பிசியோதெரபி நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் தொழில். கதவைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா, அவசரம் ஒண்ணும் இல்ல” என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்வார். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எங்கள் மெக்கானிக்கிடமும் அதையே சொல்வார். அந்த மனுஷன் ஏற்கெனவே ஆமை.

அக்கா முதலில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தார். கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை போனதும், சொந்தக்காரர்கள் எல்லோரும் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கணவர், முதல் வாரம் முழுக்க மிச்சமிருந்த கண்ணையும் மூடிக்கொண்டுதான் வந்தாராம்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் எங்கள் ஹைபிரிட் காரை அவர் ஆறு வருடத்துக்கு முன் வாங்கினார். விற்றவன் நான். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும் மாடல், ஆனால் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. நிலையத்துக்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

போன வருடம் கம்பெனி அதே காரை மாற்றி வடிவமைத்தது. கூரை பின்பக்கம் சரிந்து இறங்கியது. இருக்கை நான்கு விரல் தாழ்ந்தது. மைலேஜ் கொஞ்சம் கூடியது. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு அழகு. வண்டி வந்து இறங்கிய அன்றே மெக்கானிக் பின் இருக்கையில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தக் காரை வாங்குறவங்கள்ல பாதிப் பேர் வயசானவங்க. அவங்கள யாராவது கேட்டாங்களா?”

“வயசானவங்களுக்கு அழகு வேண்டாமா?” என்றேன்.

“வேணும். இறங்கவும் வேணுமே.”

அரை மணி நேரம் வாதாடினோம். குரலை உயர்த்தி நான்தான் ஜெயித்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்த மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கில் எனக்கு ஒரு வண்டி குறைந்தது. மூன்றாவது மாதமாக இலக்கைத் தொடவில்லை, மேனேஜர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா சர்வீஸுக்கு வந்தார். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும்படி விடாமல் நச்சரித்தேன். வீட்டில் மனைவி மாசமாக இருக்கிறாள், இந்த நேரத்தில் வேலை போனால் நடுத்தெருதான் என்றும் சொல்லிவைத்தேன். அது உண்மைதான். ஆனால் உண்மையைக் கூட நான் விற்கத்தான் எடுத்தேன்.

அக்கா ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. “பின் சீட்டு எப்படி தம்பி? பழைய உயரம்தானே?” என்று கேட்டார். அவருக்கு ஒரு பாட்டியை ஏற்றப் போகும் நேரமாகியிருந்தது, கையில் சாவியோடு நின்றார்.

“அதே வண்டிதான் அக்கா. சட்டை மட்டும் புதுசு.”

பின் கதவை நான் திறந்துகூடக் காட்டவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கார் வாங்குகிறவரிடம், யார் உட்காருவார்கள், என்ன ஏற்றுவார்கள், எவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்டு ஒரு தேவைப் படிவம் நிரப்ப வேண்டும். யாரும் கேட்பதில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் டீயும் கையுமாக உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதித் தள்ளுவோம். ‘பின் இருக்கை: குழந்தைகள் மட்டும்.’ அக்காவின் தாளிலும் அதையே எழுதினேன். எழுதும்போது கை கூசவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, கார் பொருந்தவில்லை என்று பல ஊர்களிலிருந்தும் புகார் போய், கம்பெனியிலிருந்து வடிவமைப்புப் பிரிவு அம்மா ஒருவர் வந்தார். வாங்கியவர்களை மாடி ஹாலில் கூட்டி உட்காரவைத்து, அவரவர் படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டார். நேர்மையாகப் பேசினார். வாங்கும்போது சொன்ன தேவைக்கு வண்டி பொருந்தவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு, கையிருப்பில் உள்ள பழைய மாடலைத் தருவதாகச் சொன்னார்.

ஒரு வங்கி அதிகாரி, இவ்வளவு நல்ல காரைத் தான் ஓட்டியதே இல்லை என்றார். ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மருந்துக்கடைக்காரர் எழுந்து, பின் சீட்டில் என்னைத் தலை இடிக்காமல் ஏற்றிக் காட்டட்டும், நானும் அதையே சொல்கிறேன் என்றார். வங்கிக்காரர், கார் வாங்குவதே ஓட்டுகிறவருக்காகத்தானே என்றார். அப்போதுதான் அக்கா எழுந்தார்.

“ஓட்டுறவங்களுக்கு நல்ல வண்டிங்க, நான் குறை சொல்லல. என் வண்டியில ஓட்டுறவ நான் ஒருத்திதான். வர்றவங்களுக்கு முட்டியை மடக்கி எழுந்திரிக்கத் தெம்பு இல்ல. போன வாரம் ஒரு அம்மாவால எழுந்திரிக்கவே முடியல. நானும் வாட்ச்மேனும் தூக்கினோம். அவங்க ரோட்டுல நின்னு அழுதுட்டாங்க. இப்படியே போனா வேற வண்டி பாக்கறோம்னு நிலையத்துல சொல்லிட்டாங்க.”

வடிவமைப்பு அம்மா குறித்துக்கொண்டே அக்காவின் படிவத்தைப் புரட்டினார்.

“இதுல குழந்தைகள் மட்டும்னு இருக்கேங்க. இது நீங்க சொன்னதா? இல்ல, இங்க யாராவது அவங்களா எழுதிக்கிட்டாங்களா?”

என் பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு முகம் வெளுத்தது. “அப்படி எவனாவது எழுதியிருந்தா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். ஆறு வருடமாக என் கையெழுத்தில் சர்வீஸ் தேதி எழுதி வாங்குகிறவர். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். ‘நான்தான் எழுதினேன்’ என்ற இரண்டு வார்த்தை போதும், அவருக்கு வண்டி கிடைத்துவிடும். செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் சொன்னதுதாங்க” என்றார் அக்கா. “அப்ப ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்தலாம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு.”

வடிவமைப்பு அம்மா பேனாவை மூடினார். வாங்கிய பிறகு தேவை மாறினால் தங்களால் மாற்றித்தர முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். மருந்துக்கடைக்காரருக்கு வண்டி மாறியது. அவர் தன் படிவத்தைத் தானே எழுதியிருந்தார்.

கூட்டம் கலையும்போது மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் கீழே ஓடினேன். அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வீட்டுல மாசமா இருக்குன்னு சொன்னியே. எப்ப நாள் குறிச்சிருக்காங்க?”

“அடுத்த மாசம்.” கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, அந்தம்மா இன்னும் மேலதான் இருக்காங்க. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“சொல்றவனா இருந்தா அங்கயே சொல்லியிருப்ப, தம்பி” என்றார். “நகரு, வண்டியை எடுக்கணும்.”

நகர்ந்தேன். வண்டி சத்தமே இல்லாமல் தெருவில் இறங்கிப் போனது. நான் மாடிப்படியின் கீழே வந்து நின்றேன். வடிவமைப்பு அம்மா தன் பையோடு இறங்கி வந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.