பீரோ சோப்பு

அந்தத் தொடக்கப்பள்ளியில் அவளை ஆயா என்று கூப்பிட்டவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். பிள்ளைகளுக்கு அவள் நகவெட்டி அக்கா. பதினோரு வருஷமாகத் திங்கட்கிழமை காலை தவறாமல் பள்ளிக்கூட வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கயிறு கட்டிய நகவெட்டி இடுப்பில் தொங்கும். அவளைத் தாண்டாமல் ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது. ஈ வேறு வழியாகப் போய்விடும் என்பது வேறு விஷயம்.

“கைய நீட்டு. இது கையா? பத்து விரல்லயும் தோட்டம் போட்டு வச்சிருக்க. விதை போட்டா நாளைக்கே முளைச்சிரும்.”

“நேத்துதான்க்கா கழுவுனேன்.”

“எந்த வருஷத்து நேத்து?”

வெட்டுப்பட்ட நகங்கள் ஒரு பழைய பவுடர் டப்பா மூடியில் விழும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் தரமாட்டேன் என்று அடம்பிடிப்பாள். சாப்பாட்டு டப்பாவின் மூடியை அந்த நகத்தால்தான் நெம்பித் திறப்பாளாம். அதனால் அவளுக்கு டப்பா என்றே பெயர் விழுந்துவிட்டது. “டப்பாவ நான் திறந்து தரேன், நகத்தக் குடு” என்று வாராவாரம் பேரம் நடக்கும். வாராவாரம் நகவெட்டி அக்காதான் ஜெயிப்பாள்.

இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறவளிடம் ஒரு அசிங்கம் இருந்தது. மனதில் குழப்பம் வந்தால் தன் நகத்தைத் தானே கடிப்பாள். சின்ன வயதுப் பழக்கம். கை தானாக வாய்க்குப் போகும். பிள்ளைகள் இதற்காகவே காத்திருப்பார்கள். எந்த மூலையிலிருந்து யார் பார்த்தாலும் சரி, “அக்கா, நகம்!” என்று கூரை பறக்கக் கத்துவார்கள். அவளும் திருடி மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அந்தப் பள்ளியில் உண்மையாக நடைமுறையில் இருந்த சுகாதாரம் என்றால் திங்கட்கிழமை நகமும் இந்தக் கத்தலும்தான். மற்றதெல்லாம் வாயோடு சரி.

வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அறுபத்திரண்டு பிள்ளைகளில் யாரைத் தட்டினாலும் பதில் கொட்டும். கிருமி எங்கே இருக்கும்? கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயும் இருக்கும். எப்போது கை கழுவ வேண்டும்? சாப்பிடுவதற்கு முன், கழிப்பறை போன பின். எதனால்? சோப்பால். எவ்வளவு நேரம்? இருபது எண்ணும் வரை. சொல்லி முடித்துவிட்டு, செத்த ஓணானைக் குச்சியில் தூக்கிக்கொண்டு அலைந்த அதே கையோடு சாப்பிட உட்கார்வார்கள். சாப்பிட்டதும் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் சட்டை முதுகில் துடைப்பார்கள். தன் சட்டையில் துடைத்தால் அழுக்காகிவிடுமே!

இந்த அறிவெல்லாம் சின்ன டீச்சர் கொண்டுவந்தது. மூன்று நாள் பயிற்சிக்குப் போய்க் கை கழுவுவதில் ஏழு நிலைகள் இருப்பதைக் கற்றுக்கொண்டு வந்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. காலை அணிவகுப்பில் எல்லோரும் வரிசையாக நின்று எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். மேடையில் தலைமையாசிரியரே நின்று செய்து காட்டுவார். பார்க்கக் கண் கொள்ளாது. ஒரு சின்னக் குறைதான். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் இருக்காது. சோப்பு எந்த நேரத்திலும் இருக்காது. வருஷம் முழுக்க அறுபத்திரண்டு ஜோடிக் கைகள் வெறும் காற்றில் கழுவிக்கொண்டிருந்தன.

சோப்பு இல்லாமலா இருந்தது? இருந்தது. வருஷ ஆரம்பத்திலேயே ஒரு பெட்டி வந்தது. நாற்பத்தெட்டு கட்டி. நேராகப் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் அடித்ததில்லை, ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. புதிதாக எது வந்தாலும் அதைத் தொட மனம் வராது. அவருடைய நாற்காலியின் பிளாஸ்டிக் உறை ஒன்பது வருஷமாகப் பிரிக்கப்படவில்லை. வெயில் காலத்தில் அவர் எழுந்தால் உறையும் கூடவே எழுந்து பிறகு மனசில்லாமல் பிரியும். பீரோவுக்குள் ஒரு கால்பந்து, உதை என்றால் என்னவென்றே தெரியாமல் காற்றிறங்கிக் கிழடாகிவிட்டது. பூமி உருண்டை அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் கிடந்தது.

மழை மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்தபோது நகவெட்டி அக்கா போய்க் கேட்டாள்.

“சார், ஒரே ஒரு சோப்பு குடுங்க. குழாய்கிட்ட வைக்கிறேன்.”

“பிள்ளைங்க ரெண்டு நாள்ல கரைச்சிருவாங்கம்மா.”

“சோப்புன்னா கரையத்தானே சார் செய்யும்?”

“இன்ஸ்பெக்‌ஷன் வரும். அப்ப பெட்டி பிரிக்காம முழுசா இருந்தாத்தான் மரியாதை.”

அவள் வீட்டுச் சோப்பைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். பத்தே நிமிஷத்தில் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். லாரியில் மூட்டை ஏற்றும் அவள் புருஷன் மூன்று நாள் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, “இந்நேரம் அந்தக் காக்கா வெள்ளையாகியிருக்கும்” என்றான்.

பத்தொன்பது பிள்ளைகள் படுத்தார்கள். வகுப்பறையிலேயே போய்விட்டதைக் கழுவியது அவள்தான். வெட்கத்தில் மூலையில் ஒண்டிய பிள்ளைகளைக் கழுவிவிட்டதும் அவள்தான். “எனக்கும் சின்ன வயசுல போயிருக்கு, உங்க பெரிய சாருக்கும் போயிருக்கும், இதுக்கெல்லாம் அழுவாங்களா” என்று சிரிக்கவைத்து அனுப்புவாள். டப்பா மட்டும் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது கவுனுக்குள் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை சுண்டுவிரலைத் தகராறு பண்ணாமல் நீட்டினாள். நகவெட்டி அக்கா அந்த விரலை மெல்ல மடக்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டாள்.

பிறகு ஏன் அவள் பீரோ முன்னால் நின்று சத்தம் போடவில்லை? காரணம் ஒரு தாள்.

பதினோரு வருஷமாக அவள் தற்காலிகம். அடுத்த வருஷம் வேலை இருக்குமா இருக்காதா என்பது வருஷா வருஷம் தெரியாது. நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் போக வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து போட்டு அனுப்பினால் போதும். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள் போய்ச் சேர வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். நாற்பத்தைந்துக்கு இன்னும் இரண்டே மாதம். எட்டு மாதத்துக்கு முன்பே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“அது எப்பவோ மேல போயாச்சும்மா. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும், நானே போன் போட்டு உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயைத் தைத்துக்கொண்டாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். பெரிய கண்ணாடி போட்ட அம்மாள், சிரிக்க அவசரப்படாத முகம். காலையிலிருந்தே மோட்டார் ஓடிக் குழாயில் தண்ணீர் தயாராக இருந்தது. தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து, பெட்டியின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து, ஒரே ஒரு கட்டியை எடுத்துக் காகிதத்தை உரித்து, ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துக் குழாயடியில் வைத்தார். உரித்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காக்கா வராமல் பார்த்துக்கொள்ள நகவெட்டி அக்காவை நிறுத்தினார்.

கேள்வி நேரத்தில் பிள்ளைகள் பின்னி எடுத்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்கும் முன்பே இருபது என்றார்கள். ஆய்வாளர் அம்மாள் தாளில் எழுதிக்கொண்டே போனார். தலைமையாசிரியரின் முகம் பூரித்துக்கொண்டே போனது.

“சரி. இப்ப ஒவ்வொருத்தரா வந்து கை கழுவிக் காட்டுங்க.”

முதலில் வந்தது ஐந்தாம் வகுப்பு வகுப்புத் தலைவன். மூடிய குழாயின் முன் விறைப்பாக நின்றான். கண்ணாடித் தட்டில் இருந்த சோப்பை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தான். பிறகு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஏழு நிலைகளையும் காற்றில், ஒரு பிசகில்லாமல், அழகாகச் செய்து முடித்தான். கையை டவுசரில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்தவள் அப்படியே செய்தாள். அதற்கு அடுத்தவனும் அப்படியே. ஒருத்தி மட்டும் குனிந்து சோப்பை மோந்து பார்த்துவிட்டு, தப்பு செய்தவள் போல நிமிர்ந்து, பிறகு காற்றில் கழுவினாள்.

ஆய்வாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அடுத்து வந்தவள் டப்பா.

“ஏம்மா, சோப்பு இருக்கே. ஏன் எடுக்கல?”

டப்பா ஆச்சரியமாகப் பார்த்தாள். “அது பீரோ சோப்பு மேடம். கைக்கு இல்ல.”

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. பூரிப்பு போன இடம் தெரியவில்லை. “மேடம், வகுப்புல நாங்க எல்லாம் சரியாத்தான் சொல்லித் தரோம். குழாயடி வேலை ஆயாவோடது. இந்தம்மாதான் பழக்கியிருக்கணும்” என்றார். சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். ‘ஆமாம் என்று சொல்லு, உன் தாளை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பார்வை. அது அவளுக்குப் புரிந்தது.

“அப்படியாம்மா?” என்றார் ஆய்வாளர்.

ஆமாம் என்று ஒரே ஒரு சொல். இரண்டு மாதம். நாற்பத்தைந்து வயது. எதிரே கவுனுக்குள் தேட வேண்டிய பிள்ளை. நகவெட்டி அக்காவின் கை தானாக வாய்க்குப் போனது.

“அக்கா, நகம்!”

அறுபத்திரண்டு தொண்டை. ஆய்வாளர் அம்மாள் துள்ளிவிட்டார். நகவெட்டி அக்கா கையை வாயிலிருந்து எடுத்தாள். கை எடுத்த வாய் அப்படியே திறந்துகொண்டது.

“இல்லங்க மேடம். இதுங்க சொன்னா கேக்குற ஜாதி, பாத்தீங்கள்ல, எனக்கே சொல்லுதுங்க. குடுத்தா கழுவும். குடுக்கல. நாப்பத்தெட்டு சோப்பு வந்துச்சு, இது ஒண்ணு போக மீதி நாப்பத்தேழும் பீரோல இருக்கு. பத்தொம்பது பிள்ளைங்க படுத்தப்பவும் அங்கதான் இருந்துச்சு. கேட்டேன், தரல. அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அது என் தப்புதான்.”

சொல்லி முடித்ததும், போச்சு, பதினோரு வருஷமும் போச்சு என்று நினைத்தாள்.

“பெட்டியக் கொண்டு வாங்க” என்றார் ஆய்வாளர்.

சாவியைக் கொடுத்தார் தலைமையாசிரியர். கூடவே அவரும் ஆய்வாளரும் வந்தார்கள். வழியை மறித்த பூமி உருண்டைப் பெட்டியை அவரே இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டார். நகவெட்டி அக்கா பீரோவின் அடித்தட்டில் குனிந்து பெட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் மடிப்புக் கலையாமல் ஒரு தாள். தன் கோணல் எழுத்தை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. பெட்டியைத் தரையில் ‘தொம்’ என்று போட்டாள்.

“மேல போயாச்சுன்னீங்களே சார்!”

“கசங்கிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சேம்மா” என்றார் அவர். கொடுமை என்னவென்றால் அவர் சொன்னது உண்மை. “நல்ல சமயமா பாத்து அனுப்பலாம்னு…”

ஆய்வாளர் அம்மாள் தாளை வாங்கிப் பிறந்த தேதியைப் படித்தார். தலைமையாசிரியரை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பவே கையெழுத்து போடுங்க. நான் அந்த ஆபீஸ் வழியாத்தான் போறேன். நானே குடுத்துடறேன்.”

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார். பூமி உருண்டைப் பெட்டியை ஒதுக்கியதில் இரண்டு கையிலும் தூசி அப்பியிருந்தது. நல்ல தாள் அழுக்காகுமே என்று பதறி, “ஒரு நிமிஷம் மேடம், கை கழுவிட்டு வந்துடறேன்” என்று குழாயடிக்கு ஓடினார். சோப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகவெட்டி அக்காவும், தாளோடு ஆய்வாளரும் பின்னால் வந்தார்கள். பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. அவர் குழாயின் முன் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கை, புறங்கை என்று தொடங்கினார். பிள்ளைகள் வழக்கம்போல உரக்க எண்ணிக் கொடுத்தார்கள். ஏழாவதில் மணிக்கட்டை முடித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

கைக்குட்டை கறுத்திருந்ததை அவரே அப்போதுதான் பார்த்தார்.

“சார்” என்றாள் நகவெட்டி அக்கா. “தண்ணியத் திறக்கணும்.”

திறந்துவிட்டாள். தட்டில் இருந்த சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். நுரை கறுப்பாக ஓடியதைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். “ஐயோ, சார் கையில இவ்ளோவா!” என்று ஒரு குரல். அதற்குள் டப்பா பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கட்டியை எடுத்துச் சுண்டுவிரல் நகத்தால் காகிதத்தைச் சர்ரென்று கிழித்தாள். அந்த நகத்துக்கும் ஒரு புது வேலை வந்தது.

ஈரக்கையோடு அவர் கையெழுத்து போட்டார். கடைசி எழுத்தில் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அடடா, கறையாயிடுச்சே. வேற புதுத் தாள் இருக்கும்மா, பீரோல. நல்லா எழுதி…”

“புதுசு எதுவும் வேணாம் சார்” என்று அவள் தாளை வெடுக்கென்று இழுத்து ஆய்வாளர் அம்மாளிடம் கொடுத்தாள்.