கித்தாஸாவா வீட்டு டெம்புரா

உயெதா நகரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்சக்கரத் தொழிற்சாலையில் சிஸுயேவுக்கு நல்ல பெயர். இருபத்தாறு வருடங்களாகப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மயிரிழை பிசகிய சக்கரத்தைக் கருவி வைத்துப் பார்க்கும் முன்பே விரல் நுனியால் தடவி ஒதுக்கிவிடுவாள். அவள் ஒதுக்கியது எதுவும் நல்ல சாமானாக இருந்ததில்லை என்று மேலாளரே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் டெம்புரா மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால், அவள் கணவர் கித்தாஸாவா மசாயுகி சொன்ன தீர்ப்பு அது. சனிக்கிழமைதோறும் அவருக்கு, காய்களை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கும் டெம்புரா வேண்டும். பரங்கிக்காய், கத்தரிக்காய், தாமரைக்கிழங்கு, வசந்தம் வந்தால் மலையில் பறித்த தாரா மரத்துக் குருத்து. முதல் துண்டைக் குச்சியால் எடுத்து, முள்ளங்கி துருவிப் போட்ட சாற்றில் முக்கி வாயில் போட்டு, நிதானமாக மென்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"இன்னிக்கும் நமுத்துப் போச்சு."

சில நாள் அதோடு விடுவார். சில நாள், "இகுயோ அக்கா வீட்ல கடிச்சா பக்கத்து ரூமுக்குக் கேக்கும்," என்று சேர்த்துக்கொள்வார். இகுயோ அவருடைய மூத்த சகோதரி. ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் கொமோரோவில் இருந்தாள்.

சிஸுயே கோபத்தை வெளியே காட்டாத ரகம். கோபம் வந்தால் அளக்க ஆரம்பித்துவிடுவாள். எண்ணெய்க்கு வெப்பமானி வாங்கினாள். மாவைச் சலித்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். தண்ணீரில் பனிக்கட்டி போட்டாள். டிவியில் ஒரு சமையல்காரர் சோடா ஊற்றச் சொன்னார்; ஊற்றினாள். பரிசோதனை மேசையில் பக்கத்தில் உட்காரும் ஹொரியுச்சி, "மயோனைஸ் ஒரு ஸ்பூன் போட்டுப் பாரு, அப்புறம் என்னைக் கேளு," என்றாள், போட்டாள். வேறொரு வாரம் ஷோச்சூ சாராயம். ஒவ்வொரு வாரமும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள்: மாவு எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். எல்லா வரியின் கடைசியிலும் ஒரே முடிவுதான் இருந்தது. நமுத்தது.

"கடையிலயே வாங்கிட்டா என்ன? உனக்கும் சிரமமில்ல," என்றார் மசாயுகி ஒருநாள். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துத் தேய்த்து அடிப்பக்கத்துக் கருப்பு போகும்வரை விடவில்லை.

மே மாத விடுமுறையில் இகுயோ சாப்பிடக் கூப்பிட்டாள். போகும்போதே சிஸுயே முடிவு பண்ணிவிட்டாள். இன்றைக்கு மேசைக்குப் போகப்போவதில்லை, அடுப்படியிலேயே நிற்கப்போகிறாள், கண்ணை எடுக்காமல் பார்க்கப்போகிறாள்.

பார்த்தாள். சாதாரண மைதா. குழாய்த் தண்ணீர். ஒரு முட்டை. இகுயோ குச்சியால் நாலு சுற்று சுற்றினாள், மாவு கட்டிகட்டியாக இருக்கும்போதே விட்டுவிட்டாள். வெப்பமானி கிடையாது. ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டு, அது மேலே எழும்பியதும் பரங்கிக்காயைப் போட்டாள்.

"அவ்வளவுதானாக்கா?"

"பின்ன? இதுல என்ன இருக்கு?"

பக்கத்து அறையில் இகுயோவின் கணவர், இரண்டு மகன்கள், மசாயுகி நாலு பேரும் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டியிலிருந்து மூன்று துண்டு எடுத்தால் மூன்றும் அப்படியே போயிற்று. அடுத்து மூன்று. மறுபடி மூன்று. இகுயோ அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து கடிக்கும் சத்தமும் மசாயுகியின் "ஆகா"வும் கேட்டன.

சிஸுயே குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் ஆறு மணிக்கு எல்லாம் பொரிந்து தட்டில் அடுக்கியிருக்கும். அப்போதுதான் மசாயுகி குளிக்கப் போவார். தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து அரை மணி நேரம். வந்து ஒரு பீர். செய்தி. வானிலை. பிறகுதான் குச்சியை எடுப்பார். ஏழாகிவிடும். ஒரு மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து வியர்த்த டெம்புரா, எந்த மாவில் செய்திருந்தால்தான் என்ன?

நோட்டில் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள், சாப்பிட்ட மணியை மட்டும் எழுதவில்லை. பரிசோதனைக்காரி! தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆண்கள் சாப்பிட்டு முடித்தபின் இகுயோ அடுப்பை அணைத்து, ஒரு கிண்ணம் ஆறின சோற்றின் மேல் மிச்சமிருந்த இரண்டு கத்தரித் துண்டைப் போட்டு, நின்றபடியே தின்னத் தொடங்கினாள்.

"அக்கா, அது ஆறிப்போச்சே. புதுசா ரெண்டு போட்டுக்கக் கூடாதா?"

"எண்ணெய் நாத்தத்துல நின்னு நின்னு பசியே செத்துப்போகுதுடி. மொறுமொறுன்னு இருக்கும்போது நான் சாப்பிட்டு முப்பது வருஷம் ஆச்சு." இகுயோ சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நீயாவது எல்லார்கூடவும் உக்காந்து சாப்பிடுற."

சிஸுயே கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் அந்த வீட்டுச் சட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

திரும்பும் ரயிலில் மசாயுகியிடம் சொன்னாள். "இனிமே நான் கூப்பிட்டதும் வரணும். குளியல் முன்னாடியே முடிச்சிடுங்க, இல்ல சாப்பிட்டுட்டுக் குளிங்க."

"வரேன், வரேன்."

"மாவுல ஒண்ணும் தப்பில்ல. புரியுதா?"

"அதான் வரேன்னு சொல்லிட்டேன்ல."

அடுத்த சனிக்கிழமை ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் துண்டோடு குளியலறைக்குள் போனார். சிஸுயே எண்ணெயைக் காயவைத்தாள். முதல் பரங்கிக்காய் வெந்ததும் கதவைத் தட்டினாள்.

"வாங்க!"

"இப்பதான் இறங்கினேன்! தட்டுல வை!"

அவள் தட்டில் வைக்கவில்லை. உப்பைத் தொட்டு நின்றபடியே கடித்தாள். சத்தம் கேட்டது. அவளுடைய மாவு, அவளுடைய எண்ணெய். பல் பட்டதும் உடைந்து, உள்ளே பரங்கிக்காய் இனிப்பாகக் கொதித்தது. அடுத்து குருத்து, தாமரைக்கிழங்கு. கோபத்தில் தின்றாளா ருசியில் தின்றாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இருவருக்கு நறுக்கியதை முழுசாகத் தின்று தீர்த்தாள்.

மசாயுகி வந்தபோது மேசையில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் இருந்தன.

"டெம்புரா எங்க?"

"தீந்துபோச்சு."

"எல்லாமா? ஒத்தையாளா?"

"கூப்பிட்டேனே."

அவர் ஊறுகாய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று செய்தி சத்தமாக ஓடியது. இரண்டு நாள் பேச்சு வார்த்தை குறைந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் ஐந்தரைக்கே குளித்துவிட்டு, தலை ஈரம் சொட்ட மேசையில் வந்து உட்கார்ந்தார். முதல் துண்டை அவசரமாக வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். மென்றார். இரண்டாவது எடுத்தார். மூன்றாவது. நமுத்துப் போச்சு என்ற வார்த்தையைக் காணோம்; நல்லா இருக்கு என்ற வார்த்தையையும் காணோம். இருபத்தாறு வருடம் பொருளை ஒதுக்கியவளுக்கு, நல்லது என்று ஒரு முத்திரை குத்துவதில் என்ன கஷ்டம் என்று புரியவில்லை.

"எப்படி இருக்கு?"

"முள்ளங்கி இன்னும் கொஞ்சம் துருவியிருக்கலாம்."

சிஸுயே அடுப்பைக் குறைத்தாள். ஏப்ரனைக் கழற்றினாள். பாதி காய்கறி இன்னும் பச்சையாகத் தட்டில் கிடந்தது. வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மிச்சத்தை யாரு பொரிக்கிறது?"

"நீங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"இதுல என்ன இருக்கு? முக்கிப் போட வேண்டியதுதான். எனக்கும் சூடா சாப்பிடணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், எழுந்தார். கத்தரிக்காயைத் தூரத்திலிருந்து எறிந்தார், எண்ணெய் தெறித்து "ஆ!" என்று குதித்தார். ஒரு துண்டு கருகியது, இன்னொன்றில் மாவு கழன்று சட்டியில் தனியாக மிதந்தது. ஆனாலும் சுடச்சுடக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

கடித்தாள். ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் வேகாத மாவு.

"எப்படி?"

"உள்ள வேகல. இன்னொரு நிமிஷம் விடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி அடுப்படிக்குப் போனார். அடுப்பைச் சுற்றியும் தரையிலும் எண்ணெய் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கப்போவது யார் என்று சிஸுயேவுக்குத் தெரியும். நினைத்தாலே கடுப்பாக இருந்தது. அடுத்த துண்டுக்குத் தட்டை நீட்டினாள்.