விலாவில் அழுத்திய கட்டைவிரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த டிஸ்பென்சர் ஐயாவின் கட்டைவிரலை நான் இன்னும் வெறுக்கிறேன். விலா வலிக்கிறது என்று யார் போனாலும், நாற்காலியை விட்டு எழாமலே அந்த விரலால் இடுப்புக்கு மேலே அழுத்துவார். துடித்தால் சிறுநீரகத்தில் கல். துடிக்காவிட்டால் வேலைக்கு மட்டம் போடச் செய்யும் பாசாங்கு. வேறொரு வியாதி அவரிடம் கிடையாது. கொழுந்துக் கூடையின் பாரத்தில் தசை பிடித்துக்கொண்ட பெண்களுக்கும் அதே கலங்கல் மருந்துதான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்திக்கு விலா நெருப்பாய் எரிந்தது. அதுவும் கல்தான் என்றார். சில நாளில் அதே இடத்தில் அக்கிக் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. காட்டப் போனவளிடம், கல்லின் சூடு வெளியே வருகிறது என்று கூசாமல் சொன்னார்.

உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தோட்டம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மழைக்காலத்தில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு வலது விலாவில் குத்தல் கண்டது, கூடவே காய்ச்சலும். கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். "மூச்சு இழுத்தா குத்துதுங்க ஐயா," என்று அவர் சொல்லும்போதே விரல் அழுத்தியது. அவர் துடித்துப் போனார்.

"கல்லுதான். தண்ணிய நல்லாக் குடி. நாளைக்கு வேலைக்குப் போ."

பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லி மன்றாடினேன். அடிக்கடி ஆளை அனுப்பினால் துரை தன்னைத்தான் திட்டுவார் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரத்துக்குள் என் கணவரால் படுக்க முடியாமல் போயிற்று. சுவரில் சாய்ந்தபடி பாதி மூச்சாக வாங்கினார். துண்டாவது மண்ணாவது என்று கொழுந்தன்மார் அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லாரிக்காரர் இரக்கப்பட்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். அங்கே டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். பெரிய ஊசியால் நீரை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவர் படுத்துத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பாதிக்கு மேல் அது ஆத்திரம்.

திரும்பி வந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் போன காலையில், அத்தனை பேருக்கும் முன்னால், தன் மருந்தில் கல் கரைந்துவிட்டதாக டிஸ்பென்சர் ஐயா பெருமையடித்தார்.

"அது கல்லே இல்லைங்க," என்றேன். "அவரு சொன்னதக் கேட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அதற்குத் தண்டனையாக, மறுநாளிலிருந்து கொழுந்து பறிக்க எனக்குக் கிடைத்ததெல்லாம் செங்குத்தான மலைதான். என் கணவர் பிழைத்தார். ஆனால் ஏற்றம் ஏற முடியாமல், சாகும்வரை தேயிலை ஸ்டோரைக் கூட்டிக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர் ஐயாவோ மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போனார்.

போன மாதம் எனக்கே விலா வலித்தது. சின்ன வயது டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டாள்: எங்கே, எப்போதிலிருந்து, மூச்சு இழுத்தால் கூடுகிறதா, திரும்பிப் படுத்தால் வலிக்கிறதா, தோலில் எரிச்சல் உண்டா? வெறும் சுளுக்கு என்று சொல்லி அனுப்பினாள். இவ்வளவையும் கேட்க அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று வழியெல்லாம் யோசித்தேன். சூடாக ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூட இல்லை. வெறுப்பு குறையும் வயது இது என்கிறார்கள். எனக்கு அன்றைக்குக் கூடித்தான் போயிற்று.