பிற்பாதி சொன்ன வாய்

நான் கூப்பிட்டதற்கு நீங்கள் "ஓம் அப்பா" என்று சொன்னால் எனக்குப் போதாது. "காலமை என்ன சாப்பிட்டனீ? வாசலில என்ன நிறக் கழுதை நிண்டது?" என்று இன்னொன்று கேட்பேன். உங்களுக்கு எரிச்சல் வருகிறது, தெரியும். அது எப்படித் தொடங்கியது என்று எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டைக் காலம். இரவுத் தொழிலுக்குத் தடை. விடிந்த பிறகு நேவி தந்த பாஸைக் காட்டிக் கடலில் இறங்க வேண்டும், பொழுதுபட முன் கரையில் நிற்க வேண்டும். நேவிக்காரர் சிவப்புக் கொடி கட்டிய மிதவைகளை எல்லையாகப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள், சுடுவார்கள். எங்கள் படகில் இரண்டே பேர். பின்னால் எஞ்சின் பிடிப்பது நான். முன்னால் வலை இழுப்பது உங்கள் மாமா, அம்மாவின் தம்பி.

எனக்குப் பகலில் நித்திரை வரும். அலுப்பில் வருகிற நித்திரை இல்லை. யாரோ பின்னாலிருந்து சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்ததுபோல வரும். மாமாவுக்கு அது தெரியும். அதனால் எங்கள் கரையில் பலரும் செய்வதை நாங்களும் செய்தோம். படகிலேயே செபமாலை சொல்வது. முன்னால் நிற்பவர் மாதாவுக்கான அருள்நிறை மந்திரத்தின் முற்பாதியைச் சொல்வார், எஞ்சின் பிடிப்பவர் பிற்பாதியைச் சொல்ல வேண்டும். பதில் வந்தால் ஆள் முழிப்பு. மாமா திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைச் செய்யலாம்.

அன்று மத்தியானம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மாமா முற்பாதி சொன்னார், நான் பிற்பாதி சொன்னேன். அப்போதுதான் நடுப்பலகையில் ஒருவர் இருப்பதைக் கண்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தலைமயிரிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பலகை காய்ந்திருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. இவர் எப்போதும் எங்களோடு வருகிறவர்தானே என்ற நினைப்புத்தான் வந்தது. அந்த நினைப்பை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

"அத்தான்! கொடி! கொடி பின்னுக்குப் போட்டுது!"

மாமாவின் கத்தலில் முழித்தேன். சிவப்புக் கொடி எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல் எங்கள் பக்கம் திரும்பியது. மாமா பாய்ந்து வந்து எஞ்சினை வளைத்தார். சுட்டார்கள். தண்ணீர்தான் எழும்பியது. படகைக் கரையில் இழுத்து விட்ட பிறகுதான் மாமா வாய் திறந்தார்.

"அத்தான், நித்திரை கொண்டனீங்களோ?"

"தெரியேல்ல மச்சான்."

"நீங்கள் பதில் சொல்லிக்கொண்டுதானே வந்தனீங்கள். நான் கத்தேக்கையும் உங்கட வாய் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கண்ணும் திறந்திருந்தது." பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப பதில் சொன்னது ஆர்?"

அந்தக் கேள்வி ஊருக்குள் போய்விட்டது. கடலோடு போன எவனோ என் வாயால் செபிக்கிறான் என்று கதை வந்தது. அந்த வருடங்களில் கடலோடு போனவர்கள் கொஞ்சம் பேரா? கோயிலில் நான் இருக்கும் வாங்குப் பலகையில் ஆட்கள் குறைந்தார்கள். உங்கள் அம்மா மட்டும் அசையவில்லை.

"பேயோ நோயோ, முதல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. திரும்ப எஞ்சின் பிடிக்கலாமோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. ஏலாதெண்டா என்ர தம்பியை உங்களோட விடமாட்டன்."

மாமாவும் நானும் மன்னாருக்குப் போனோம். ஆசுப்பத்திரி வாசலில் ஒரு கழுதை நின்றபடியே, கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், உங்கட சொந்தக்காரர் முந்தி வந்து நிக்கிறார்," என்றார் மாமா.

நான் சிரித்தேன். சிரித்ததும் முழங்கால் இரண்டும் கழன்றதுபோல மடிந்தன, நான் மண்ணில் இருந்துவிட்டேன். ஜன்னலுக்குள் இருந்து டொக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் டொக்டர், இளம் வயது. உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"சிரிச்சா எப்பவும் இப்பிடியோ?"

"ஓம் டொக்டர்."

"பஸ்ஸில போகேக்க நித்திரை வருமோ?"

"ஓம்."

"பூசையில?"

"அது எல்லாருக்கும் வரும் டொக்டர்," என்றார் மாமா.

"ஆக்களோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க?"

"இப்பவும் வருது," என்றேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலையில் வயர் ஒட்டி நித்திரையை அளக்கிற மெசின் கொழும்பில் இருக்கிறதாம். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. "இஞ்ச இருக்கிறதை வைச்சுப் பாப்பம்," என்றார் டொக்டர். ஒரு சாமான் அறையின் ஜன்னலைப் போர்வையால் மூடி, கட்டில் போட்டார்கள். படுத்துக்கொண்டு, கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையில் ஒரு கரண்டியைப் பிடிக்க வேண்டும். கீழே தரையில் ஒரு தட்டு. நித்திரை வந்தால் விரல் தளரும், கரண்டி விழும், தட்டில் சத்தம் கேட்கும். டொக்டர் இருட்டுக்குள் மணிக்கூட்டோடு இருந்தார்.

"நித்திரை வந்தா மறிக்காதேங்கோ."

காலையில் ஒருதரம், பிறகு இடைவெளி விட்டு மத்தியானமும் பின்னேரமும். ஒவ்வொரு தரமும் கதவு சாத்திய கையோடு கரண்டி விழுந்தது. விழ முன், படகில் கண்ட அந்த நனைந்த ஆள் வந்தார். முதலில் கதவடியில் முதுகைக் காட்டி நின்றார். மத்தியானம் சுவரோரம் நின்றார். பின்னேரம் என் கால்மாட்டில் இருந்தார், கட்டில் பதிந்தது. எழும்பலாம் என்றால் விரல்கூட அசையவில்லை. தட்டுச் சத்தம் கேட்டுத்தான் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது.

"மற்ற ஆக்களுக்குக் கரண்டி விழக் கன நேரம் எடுக்கும்," என்றார் டொக்டர். "உங்களுக்குக் கண் மூட முதலே கனவு வந்திடுது. அது ஒரு வருத்தம், நோய்தான். பேய் இல்லை."

"அவற்ற சட்டை ஈரம், டொக்டர்."

டொக்டர் குனிந்து கரண்டியை எடுத்தார். "ஈரமாத்தான் இருக்கும். நீங்கள் பாக்கிறது கடல்தானே," என்றார்.

அடுத்த நாள் இன்னொரு சோதனை. அட்டையில் ஒரு துளை, அதற்குப் பின்னால் டோர்ச். வெளிச்சம் தெரியும்போதெல்லாம் மேசையில் இருக்கிற மணியை நான் தட்ட வேண்டும். வெளிச்சம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று கவனமாகத் தட்டினேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திடீரென்று டொக்டர் என் கையைப் பிடித்தார்.

"நான் டோர்ச்சை நிப்பாட்டிக் கன நேரம்," என்றார். "நீங்கள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறீங்கள்."

மாமாவைப் பார்த்தேன். "கண் திறந்துதான் இருந்தது அத்தான்," என்றார்.

டொக்டர் செபமாலைக் கதையைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். "பழகின பதில் நித்திரையிலயும் வரும். அதை நம்பி ஒருத்தரையும் எஞ்சினில இருத்தாதேங்கோ. முழிப்போ எண்டு பாக்க வேணுமெண்டா, யோசிச்சுச் சொல்லுற மாதிரி ஒண்டைக் கேளுங்கோ." எனக்கு எஞ்சின் இனி இல்லை என்று அங்கேயே முடிவானது. அந்த ஆள் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அங்கேயே குந்திவிடச் சொன்னார். பாதை திறந்த நாட்களில் நித்திரையை மறிக்கிற குளிசை வந்தது.

படகில் இடம் மாறினோம். மாமா எஞ்சின், நான் வலை. இறங்க முன் மணலில் கொஞ்சம் படுத்து எழும்புவேன். செபமாலையையும் விடவில்லை, இப்போது முற்பாதி என்னுடையது.

பிறகு தீவுக்கு அப்பால், பெருநிலப் பக்கம் ஷெல் சத்தம் ஓயாத ஒரு காலம் வந்தது. ஊரில் ஒருவருக்கும் இரவில் நித்திரை இல்லை. அப்படி ஒரு மத்தியானம், அதே எண்ணெய்க் கடல். நான் முற்பாதி சொன்னேன், பின்னாலிருந்து பிற்பாதி ஒரு சொல் பிசகாமல் வந்தது. அடுத்ததைச் சொல்ல நான் வாய் திறக்க முன் மாமா சாதாரணமாகக் கேட்டார்.

"அத்தான், நடுப்பலகையில இருக்கிறது ஆர்?"

திரும்பினேன். ஒருவரும் இல்லை, பலகை காய்ந்து கிடந்தது. மாமாவின் கை எஞ்சினில் இருந்தது, கண் திறந்திருந்தது. நான் முற்பாதி சொல்லவேயில்லை, அவர் வாய் பிற்பாதியைச் சொல்லத் தொடங்கியது.

வலைக்கு மேலால் விழுந்தடித்துப் போய் எஞ்சினை நிறுத்தினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மச்சான், காலமை என்ன சாப்பிட்டனீ?"

பிற்பாதிதான் வந்தது.

"டேய், என்ன சாப்பிட்டனீ, சொல்லு!"

உதடு நின்றது. பிறகு, "புட்டு..." என்றார். "என்ன அத்தான், ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

நான் கையைக் காட்டினேன். சிவப்புக் கொடி முன்னால் நின்றது. அதன் தையல் தெரிகிற கிட்டம்.

நங்கூரத்தைப் போட்டு, மாமாவை வலைக்கு மேலே படுக்க வைத்தேன். அவர் எழும்பும்வரை எனக்கு நானே கேள்வி கேட்டுக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன். நான் நடுப்பலகையில் குந்தியிருக்கலாம், அதுதான் வசதி. ஆனால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்தேன்.