அக்காவின் பிஸ்டல் பிடி

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒருபோதும் துப்பாக்கி இருந்ததில்லை. ஒரு துப்பாக்கியின் கைப்பிடி மட்டும் பத்து நாள் இருந்தது. அது பதினோராவது நாளைப் பார்க்காமல் போனதற்கு முழுக் காரணமும் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இரவு வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அக்கா தினமும் காலை பஸ் ஏறிப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தாள். நான், காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வாரம் மூன்று நாள்தான் போனேன்.

பெரிய பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் வலைப்பந்து, நெட்டோட்டம் என்று சேர்ந்தபோது அக்கா காற்றுத் துப்பாக்கியில் சேர்ந்தாள். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். ஒற்றைக் கையால் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, மிளகு அளவு ஈயக்குண்டால் வட்டத்தின் நடுவில் ஓட்டை போட வேண்டும். ஓட்டைக்காக எதற்குப் பதுளை வரை போகிறாய், நம் கூரைத் தகரத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறதே என்று நான் கேட்டேன். தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. ஒன்று புதியது, பளபளப்பானது. மற்றது பழையது, சாயம் போனது. எல்லோரும் புதியதற்கு அடித்துக்கொண்டபோது அக்கா இரண்டையும் குண்டு போடாமல் பல தடவை அழுத்திப் பார்த்தாளாம். புதியதன் விசை கடைசியில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. பழையது காய்ந்த குச்சி முறிகிற மாதிரி டக்கென்று விட்டது. அவள் பழையதையே எடுத்தாள். அதில் ஒரே குறை கைப்பிடி. யாரோ தடித்த ஆம்பளைக் கைக்குச் செதுக்கிய மரப்பிடி அது. அக்காவின் சின்னக் கை அதற்குள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உட்கார்ந்தது. கை ஒரு நூல் மாறினால் குண்டு ஒரு விரல் மாறும் என்பாள்.

பிடி ஒரே ஒரு ஸ்குரூவில்தான் நின்றது. பயிற்சி கொடுத்த மிஸ் அதைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். பிஸ்டல் பள்ளிக்கூட அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது, பிடி மட்டும் வீட்டுக்குப் போகலாம். பள்ளமான இடத்தில் புட்டி பூசி, காயவைத்து, தேய்த்துத் தேய்த்து அவள் கைக்குச் சரியாக்க வேண்டும். பயிற்சி நாளில் கொண்டுபோய்ப் பூட்டிச் சுட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றிக்கொண்டு வருவாள். இரண்டு வாரத்தில் தியத்தலாவையில் மாகாணப் போட்டி.

மற்ற நேரமெல்லாம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பாள். நான் முன்னால் போய்க் குரங்கு காட்டுவேன். அசைய மாட்டாள். போத்தலை இறக்கிய பிறகுதான் அடி விழும். நல்ல மனநிலையில் இருந்தால் பாடமும் சொல்லித் தருவாள்.

"வட்டத்தப் பாக்கக்கூடாதுடா. குழல் நுனியில முள்ளு மாதிரி ஒன்னு இருக்கும், அதத்தான் பாக்கணும். வட்டம் மங்கலாத் தெரிஞ்சா போதும். வெரல் அமுக்குறது ஒனக்கே தெரியக்கூடாது."

பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எளிதாக வந்தது. கரும்பலகையை நான் எப்போதும் அப்படித்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் பதுளை ரோட்டில் போலீஸும் ஆமியும் மறுபடியும் தடுப்புப் போட்டு, பஸ்ஸை நிறுத்திப் பை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பிடியோடு மிஸ் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் கொண்டுபோவாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அப்பா பிடியை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அது இருந்த ட்ரங்குப் பெட்டிப் பக்கம் பாய் விரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். மரத்துண்டுக்குப் பயந்த மனுஷன் என்று நான் என் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தேன். சிறுத்தை நடமாடும் காட்டு வழியில் தனியாக வேலைக்குப் போகிறவர் அவர்.

போட்டிக்கு நாலு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் பெட்டியைத் திறந்து பிடியை எடுத்தேன். உடைந்த தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் எடுத்து வயரால் அதோடு கட்டினேன். பார்க்க நிஜமாகவே இருந்தது. ரோட்டுக்கு மேலே இருந்த பாறையில் ஏறி நின்று, அக்கா மாதிரியே இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, வருகிற வாகனங்களைச் சுட்டேன். மரக்கறி லொறி ஒன்று, ஆட்டோ இரண்டு. நாலாவதாகப் போலீஸ் ஜீப் வந்தது. நல்ல சுடுகாரன் வாகனம் பார்த்து மாற மாட்டான் என்று அதையும் சுட்டேன்.

ஜீப் மெதுவாகியது. நின்றது. கதவு திறந்தது.

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தேயிலைச் செடிக்குள் விழுந்து, முழங்கால் கிழிய ஊர்ந்து, வீட்டுக்கு வந்து வயரை அவிழ்த்துப் பிடியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்தேன். அம்மா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். உடம்பு குளிர்ந்துதான் கிடந்தது. அந்த வளைவில் வண்டிகள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கிற பீலி ஒன்று உண்டு. அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அம்மா மலைக்கும் அக்கா பதுளைக்கும் போன பிறகு, வேலை முடிந்து வந்த அப்பா படுத்திருந்தார். பத்து மணி இருக்கும். இஸ்தோப்பில் இருந்து பார்த்தேன். கீழே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டு முன்னால் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கணக்கப்பிள்ளை கையை நீட்டி எங்கள் லயத்தைக் காட்டினார்.

உள்ளே ஓடி அப்பாவை உலுக்கினேன்.

"அப்பா, போலீஸ் வருது. நான்தாம்பா சுட்டேன்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "எதால?"

நான் பெட்டியைக் காட்டினேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. கதவை ஒருக்களித்தார். பெட்டியைத் திறந்தார். அத்தனை நாள் தொடாத பிடியை இரண்டு கையாலும் எடுத்து, நான் தேநீருக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அதை நெருப்புக்குள் வைத்தார். மேலே விறகை அடுக்கி ஊதினார். புட்டி சீறிக்கொண்டு எரிந்தது. அக்கா பத்து நாளாகத் தேய்த்த விரல் பள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அப்பாவின் ஊதுகுழல் அடுப்புக் கல்லில் தட்டிக்கொண்டே இருந்தது.

போலீஸ்காரர் வந்து இஸ்தோப்பில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பா நின்றார். நான் அப்பாவின் சாரத்துக்குப் பின்னால் நின்றேன். போலீஸ்காரர் சிங்களவர், இளம் வயது. தெரிந்த தமிழில் சிரித்துச் சிரித்துப் பேசினார். மகளின் பெயர் என்ன, வயது என்ன, எந்தப் பள்ளிக்கூடம், வீட்டில் யார் யார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். ஒவ்வொரு பதிலுக்கும் அப்பா ஒரு சார் போட்டார். மகளின் பெயரைச் சொல்ல மட்டும் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நடுவில் போலீஸ்காரர் பேனாவை நிறுத்தி மூக்கைச் சுளித்தார்.

"என்ன எரியுது?"

"வெறகு ஈரம் சார்," என்றார் அப்பா.

போலீஸ்காரர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்த பிடியில் அது அவிழ்ந்துவிடும் போலிருந்தது. அவர் மறுபடி குனிந்து எழுதினார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். துப்பாக்கி சுடுகிற பிள்ளைகளைப் பற்றிப் போலீஸ் விசாரித்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். அவர் எழுதிய தாள் பள்ளிக்கூடம் அனுப்பிய விண்ணப்பப் போரம்தான். மகள் நல்லாச் சுடுகிறாள் என்று மிஸ் சொன்னதாகச் சொல்லி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது எனக்கு ஒரு டொபி கொடுத்தார். பாறையைப் பற்றியோ ஜீப்பைப் பற்றியோ ஒரு சொல் கேட்கவில்லை.

அப்பா உள்ளே போய் அடுப்பு முன்னால் குந்தினார். பின்னேரம் வரை எழும்பவில்லை.

அக்கா வந்து பெட்டியைத் திறந்தாள். அடுப்பைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவள் கரண்டியால் சாம்பலைக் கிளறி, ஸ்குரூ உட்காருகிற சின்ன இரும்பு வளையத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். பிறகு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரு கேட்டாலும், புட்டி காயட்டும்னு நான்தான் அடுப்பு மேல வச்சேன். வெளங்குதா? அப்பா பேரு வரக்கூடாது."

"என் பேரு?"

"ஒன் பேர அப்புறம் பாத்துக்கிறேன்."

மிஸ்ஸிடமும் அவள் அதையேதான் சொன்னாளாம். நல்ல ஏச்சு வாங்கினாளாம். போட்டிக்கு அந்தப் புதிய பிஸ்டலைத்தான் கொடுத்தார்கள். அதற்கும் பெரிய பிடி, இழுத்துக்கொண்டு போகிற விசை. மூன்று நாளில் அதற்குக் கையைப் பழக்க அவள் போத்தலை மாற்றி ஒன்றரை லீட்டர் பிடித்தாள். நான் குரங்கு காட்டவில்லை. தியத்தலாவையில் முதல் எட்டுப் பேரைத்தான் அடுத்த சுற்றுக்கு எடுத்தார்கள். அக்கா பதினோராவது. வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தலையணையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் புறப்பட முன்னால் இஸ்தோப்பில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் அடி விழவில்லை என்ற தைரியத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் போலீஸ்காரரு நல்லவருதானப்பா? டொபியெல்லாம் குடுத்தாரு. நீங்க ஏன் எரிச்சீங்க?"

அப்பா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் சின்னப் பயலா இருந்தப்ப வந்த போலீஸ்காரனும் நல்லாத்தான் பேசுனான். எங்க அண்ணன்கிட்ட பேரு என்னா, வயசு என்னா, எந்தப் பள்ளிக்கூடம்னுதான் கேட்டான். அப்புறம் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனான்."

அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெரியப்பா எந்தத் தோட்டத்தில் இருக்கிறார், திருவிழாவுக்கு வருவாரா, வந்தால் என்ன வாங்கி வருவார் என்று கேட்டேன். அப்பா மிச்சத் தேநீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு வேலைக்கு நடந்தார். எனக்கும் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்று நான் லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.